எந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்? ஆஸ்திரேலிய எம்.பி.க்களின் வாக்குப் பதிவைப் படிப்பது எப்படி

2022 ஜனவரி 6, விடியற்காலை. மெல்பர்ன் விமான நிலையத்தில் டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச்சை அதிகாரிகள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கொரோனா தடுப்பூசி போடாத அவருடைய விசாவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் சொல்ல, காலை 8.30 மணி வரை அவகாசம் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் 7.42-க்கே ரத்து செய்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, கொடுத்த அவகாசம் முடியும் முன்பே முடிவெடுத்தது முறையல்ல என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. விசா திரும்பக் கிடைத்தது.

ஜனவரி 14 அன்று குடிவரவு அமைச்சர் அலெக்ஸ் ஹாக் அதே விசாவை மறுபடி ரத்து செய்தார். இந்த முறை ஜோகோவிச்சிடம் விளக்கம் கேட்க வேண்டிய கடமையே அமைச்சருக்கு இல்லை. அவர் பயன்படுத்திய சட்டப் பிரிவிலேயே, இயற்கை நீதி விதிகள் இங்கே பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. ஃபெடரல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 16-ஆம் தேதி ஜோகோவிச்சின் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அன்றிரவே அவர் விமானம் ஏறினார்.

ஜோகோவிச் பணக்காரர், உலகப் புகழ் பெற்றவர், கூப்பிட்ட குரலுக்கு வழக்கறிஞர்கள் வந்து நிற்பார்கள். அவருக்கே இந்த நிலை என்றால், படகில் வந்து இறங்கிய ஒரு யாழ்ப்பாணத்து இளைஞருக்கு அந்தப் பிரிவு என்ன செய்யும் என்பதை யோசித்துப் பாருங்கள். அமைச்சருக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்திருத்தம். அதற்கு ஆதரவாக வாக்களித்தவர்கள் இருக்கிறார்கள், எதிர்த்தவர்களும் இருக்கிறார்கள். அரசு எடுக்கும் முடிவுகளில் நியாயமான நடைமுறை வேண்டுமா என்ற கேள்வியில் ஒரு எம்.பி. எப்படி வாக்களித்தார் என்பதைத் தேடுவதும், தேடிக் கிடைத்ததைச் சரியாகப் படிப்பதும் எப்படி என்று பார்ப்போம். இலங்கைத் தமிழர்கள் பலருடைய வாழ்க்கை இந்த வாக்குகளில் சிக்கியிருப்பதால் ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்கிறேன்.

நியாயமான நடைமுறை என்றால் என்ன?

இரண்டே விதிகள். சட்டம் இவற்றைத்தான் இயற்கை நீதி விதிகள் என்கிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் முன், அவர் மீது என்ன சொல்லப்படுகிறது என்பதை அவரிடம் சொல்ல வேண்டும், அவர் பதிலைக் கேட்க வேண்டும். இது முதல் விதி. முடிவெடுப்பவர் முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்தவராக இருக்கக் கூடாது. இது இரண்டாவது. முடிவு உங்களுக்குச் சாதகமாகத்தான் வர வேண்டும் என்று இந்த விதிகள் சொல்வதில்லை. விசாவை மறுக்கலாம், உதவித்தொகையை நிறுத்தலாம், நாடு கடத்தவும் செய்யலாம். ஆனால் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு உறுதியான அடித்தளம் போட்டது 1985-ஆம் ஆண்டின் கியோவா வழக்கு. டோங்கா தீவிலிருந்து வந்து, விசாக் காலம் முடிந்தும் தங்கிவிட்ட ஒரு குடும்பத்தை நாடு கடத்த அரசு முடிவு செய்தது. குடும்பத் தலைவருக்குக் கெடுதலான ஒரு குறிப்பு அதிகாரிகளின் கோப்பில் இருந்தது. அப்படி ஒரு குறிப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது, அதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பும் தரப்படவில்லை. அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஹை கோர்ட் இது தவறு என்றது. அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னது: ஒருவருடைய உரிமையையோ நலனையோ பாதிக்கும் முடிவென்றால், நியாயமான நடைமுறை தேவை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அது வேண்டாம் என்றால் நாடாளுமன்றம் தெளிவான சொற்களில் அப்படிச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்கப்படும் உரிமை, சட்டத்தில் எழுதப்படாவிட்டாலும் இருக்கும். அதைப் பறிக்க வேண்டுமென்றால் ஒருவர் மசோதா எழுத வேண்டும், "இயற்கை நீதி விதிகள் பொருந்தாது" என்று அதில் அச்சடிக்க வேண்டும், இரு அவைகளிலும் பெரும்பான்மை வேண்டும். கவனக்குறைவாக, தெரியாமல், நிர்வாகக் குளறுபடியில் இந்த உரிமை சட்டத்திலிருந்து காணாமல் போக முடியாது. வாக்களித்துத்தான் அதை நீக்க முடியும். அதனால்தான் மற்ற எந்த விஷயத்தையும்விட இதில் வாக்குப் பதிவுக்கு எடை அதிகம் என்கிறேன்.

கியோவாவுக்குப் பிறகு நடந்தது நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவே ஒரு நீண்ட இழுபறி. வங்கதேசத்தைச் சேர்ந்த ஒருவரின் அகதி விண்ணப்பத்தை, அவர் நாட்டில் ஆட்சி மாறிவிட்டது என்பதைக் காரணமாகக் காட்டி ஒரு அதிகாரி நிராகரித்தார். ஆட்சி மாற்றம் தன்னைப் பாதுகாக்குமா என்று சொல்ல அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை. 2001-இல் ஹை கோர்ட் அதைத் தவறு என்றது. மறு ஆண்டே நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது: குடிவரவுச் சட்டத்தில் எழுதியிருக்கும் அளவுதான் கேட்கப்படும் உரிமை, அதற்கு மேல் கிடையாது என்றது. 2010 நவம்பர் 11 அன்று அடுத்த தீர்ப்பு வந்தது. ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் வந்து இறங்கிய இரண்டு இலங்கைத் தமிழர்களின் வழக்கு அது. அவர்களுடைய பெயர்கள் வெளியிடப்படவில்லை. எம்61, எம்69 என்ற எண்களால்தான் அறியப்படுகிறார்கள். அவர்களுடைய கோரிக்கையைப் பரிசீலித்தவர்கள், இலங்கை நிலவரம் பற்றித் தங்களிடம் இருந்த பாதகமான தகவல்களை அவர்களிடம் காட்டிப் பதில் கேட்கவில்லை. தீவில் நடக்கும் பரிசீலனை வழக்கமான சட்டத்துக்கு வெளியே நடப்பது, அதனால் இந்த விதிகள் கட்டாயமில்லை என்பது அரசின் வாதம். நீதிபதிகள் ஏழு பேரும் ஒருமனதாக அதை ஏற்க மறுத்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, அந்த வெற்றியின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் மசோதா ஒன்று வந்தது. அதைப் பற்றிப் பேசும் முன், வாக்கு எப்படிப் பதிவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் எப்போது பதிவாகும்?

ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பெரும்பாலான விஷயங்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். "ஆம்" என்பவர்கள் சொல்லுங்கள், "இல்லை" என்பவர்கள் சொல்லுங்கள் என்று தலைவர் கேட்பார், எந்தக் குரல் பெரிதோ அது வென்றதாக அறிவிப்பார். அங்கே யாருடைய பெயரும் எழுதப்படாது. பெயர் பதிவாக வேண்டுமென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் எழுந்து 'டிவிஷன்' கேட்க வேண்டும். உடனே கட்டிடம் முழுக்க நான்கு நிமிடம் மணி அடிக்கும். அலுவலகத்திலும் உணவகத்திலும் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். மணி நின்றதும் கதவுகள் பூட்டப்படும். ஆதரிப்பவர்கள் தலைவரின் வலப்பக்கமும் எதிர்ப்பவர்கள் இடப்பக்கமும் போய் உட்கார வேண்டும். எண்ணுவார்கள், பெயர்கள் ஹன்சார்ட் எனப்படும் அவைக் குறிப்பில் ஏறும். ஒருவர் எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்பது அதற்குப் பிறகு அழியாது.

ஆகவே, ஒரு எம்.பி.யின் பதிவில் ஒரு வாக்கு இல்லை என்றால் அவர் எதிர்த்தார் என்றும் ஆகாது, ஆதரித்தார் என்றும் ஆகாது. குரல் வாக்கெடுப்பில் போயிருக்கலாம். இரண்டு பெரிய கட்சிகளும் ஒத்துப்போகிற சட்டங்களில் பலவற்றில் இப்படித்தான் நடக்கிறது. சிறிய கட்சியினரோ சுயேச்சைகளோ எழுந்து டிவிஷன் கேட்டால்தான் பெயர்கள் வெளியே வரும். தோற்பது உறுதி என்று தெரிந்தும் அவர்கள் டிவிஷன் கேட்பதைச் சிலர் நேரத்தை வீணாக்குவது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மக்களுக்கு அவர்கள் செய்யக்கூடிய மிக நேர்மையான சேவைகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு நுணுக்கம், ஜோடி ஏற்பாடு. ஒரு உறுப்பினர் உடல்நலமில்லாமலோ வெளிநாட்டிலோ இருந்தால், எதிர்த் தரப்பிலும் ஒருவர் வாக்களிக்காமல் இருந்து எண்ணிக்கையைச் சமன் செய்வார். எதிர்த் தரப்பின் அந்த உறுப்பினர் கட்டிடத்துக்குள்ளேயே இருந்தும் பதிவில் இல்லாதவராகத் தெரிவார். இதைத் தெரிந்துகொள்ளாமல் "ஓடி ஒளிந்தார்" என்று ஒருவரைத் திட்டுவது அநியாயம்.

34-க்கு 32

2014 செப்டம்பர் 25 அன்று அப்போதைய குடிவரவு அமைச்சர் ஸ்காட் மோரிசன் ஒரு பெரிய மசோதாவைக் கொண்டுவந்தார். முந்தைய லேபர் கட்சி ஆட்சியின் காலத்தில் படகில் வந்து, முடிவு கிடைக்காமல் காத்திருந்த சுமார் 30,000 பேரின் விண்ணப்பங்களைத் தீர்ப்பதற்கான மசோதா என்றார். அதில் பல விஷயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. அகதி என்று ஏற்கப்பட்டாலும் நிரந்தர விசா கிடையாது, தற்காலிக விசாதான். நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு வழக்கமான தீர்ப்பாயத்துக்குப் போகாது. புதிதாக அமைக்கப்படும் குடிவரவு மதிப்பீட்டு ஆணையத்துக்குப் போகும். அங்கே பொதுவாக நேர்காணல் கிடையாது. குடிவரவுத் துறை அனுப்பும் கோப்பைப் படித்து ஒருவர் முடிவு செய்வார். விதிவிலக்கான சூழ்நிலை என்று நிரூபித்தால் தவிர, புதிய தகவல் எதையும் அவர் ஏற்க முடியாது. பின்னாளில் அந்த ஆணையம் விண்ணப்பதாரரின் வாதத்துக்கு வைத்த எல்லை 5 பக்கம்.

உயிருக்குப் பயந்து வந்த ஒருவர் முதல் நேர்காணலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. சித்திரவதையை, பாலியல் வன்முறையை, முன்பின் தெரியாத அதிகாரியிடம், மொழிபெயர்ப்பாளர் வழியாக முதல் நாளே யார் சொல்வார்கள்? பிற்பாடு சொன்னால், "அப்போதே ஏன் சொல்லவில்லை" என்று கேட்டு ஒதுக்கிவிட இந்தச் சட்டம் வழி செய்தது.

மசோதாவில் கடல் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. அதன் பின்னணி தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமானது. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 பேருடன் ஒரு படகு புறப்பட்டது. அதிலிருந்தவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் அவர்களைப் பிடித்து, ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தது. அவர்களை இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோக அரசு முடிவெடுத்தபோது, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லையா என்பது நீதிமன்றத்தில் எழுந்த கேள்விகளில் ஒன்று. ஹை கோர்ட் 2015 ஜனவரி 28 அன்று, அவர்களைக் கடலில் தடுத்து வைத்தது சட்டப்படி சரி என்று 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கேட்க வேண்டிய கடமை இருந்தது என்ற வாதத்தையும் பெரும்பான்மை ஏற்கவில்லை. ஆனால் நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கடலில் எடுக்கப்படும் இத்தகைய முடிவுகளுக்கு இயற்கை நீதி விதிகள் பொருந்தாது என்ற வரி 2014 டிசம்பரிலேயே சட்டமாகிவிட்டது.

மேலவையான செனட்டில் ஆளும் லிபரல்-நேஷனல் கூட்டணிக்குப் பெரும்பான்மை இல்லை. லேபரும் பசுமைக் கட்சியும் எதிர்த்தன. பால்மர் யுனைடெட் கட்சி, பேரம் பேசி ஒரு புதிய வகைத் தற்காலிக விசாவைச் சேர்த்துக்கொண்டு ஆதரித்தது. சுயேச்சை செனட்டர் நிக் ஜெனபன், ஆண்டுதோறும் ஏற்கும் அகதிகளின் எண்ணிக்கையை 13,750-இலிருந்து படிப்படியாக 18,750-க்கு உயர்த்தும் வாக்குறுதிக்குப் பிறகு ஆதரித்தார். மீதி இருந்தவர் விக்டோரியா மாநிலத்தின் ரிக்கி முயர்.

முயர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். மோட்டார் வாகன ஆர்வலர்கள் கட்சி என்ற சிறிய கட்சியின் சார்பில் நின்று, வெறும் 0.51 சதவீத முதல் விருப்ப வாக்குகளோடு, மற்றக் கட்சிகளின் விருப்ப வாக்குகள் கைமாறி வந்து வென்றவர். செனட்டுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அரசு அவரிடம் வைத்தது ஒரு கொடிய பேரம்: இதை நிறைவேற்றிக் கொடுத்தால் கிறிஸ்துமஸ் தீவில் அடைபட்டிருக்கும் குழந்தைகளை வெளியே விடுவோம். தீவிலிருந்து குழந்தைகள் அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து கெஞ்சியதாகச் செய்திகள் வந்தன. மோசமான முடிவு ஒன்று, அதைவிட மோசமான முடிவு ஒன்று, இந்த இரண்டுக்கும் நடுவே தேர்வு செய்யும்படி தன்னை மூலையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவர் அவையில் வேதனையோடு பேசினார். பேசிவிட்டு ஆதரவாக வாக்களித்தார். டிசம்பர் 4 இரவு தொடங்கிய விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. முடிவு 34-க்கு 32.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆதரித்த 34 பேரில் ஒரே ஒருவர் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 33-க்கு 33. ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி செனட்டில் வாக்குகள் சமமானால் தீர்மானம் தோற்றதாகப் பொருள். ஆகவே முயரின் வாக்கு சட்டத்தைத் தீர்மானித்தது என்பது உண்மை. அதே கணக்குப்படி மற்ற 33 பேரின் வாக்கும் ஒவ்வொன்றாகத் தீர்மானித்தது என்பதும் உண்மை. செய்தித்தாள்கள் முயரையே படம் பிடித்தன. கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள் பார்வையிலிருந்து தப்பிவிட்டார்கள்.

முயரின் பதிவை எப்படிப் படிப்பது? "நியாயமான நடைமுறைக்கு எதிராக வாக்களித்தார்" என்று ஒரு வரி எழுதினால் அதில் பொய் இல்லை. அவருடைய காரணத்தில் இரக்கம் இருந்தது, அதையும் நான் நம்புகிறேன். ஆனாலும் அந்த வாக்கு தவறு என்பதே என் முடிவு. காவலில் இருப்பவருக்கு விசா தரும் அதிகாரம் குடிவரவுச் சட்டப்படி ஏற்கெனவே அமைச்சர் கையில் இருந்தது. குழந்தைகளை விடுவிக்க மசோதா தேவையே இல்லை, ஒரு கையெழுத்துப் போதும். சில நூறு பேரின் விடுதலையை விலையாகக் காட்டி, பல்லாயிரம் பேரின் கேட்கப்படும் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். இந்தக் குற்றத்தில் பேரத்தை ஏற்றவரைவிட அதை முன்வைத்தவர்களின் பங்கு பெரிது. வாக்குப் பதிவில் அந்த வேறுபாடு தெரியாது. அவையில் நடந்த பேச்சையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

கட்சி சொல்லும் பக்கம்

இந்தியாவில் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாலும் எம்.பி. பதவி இருக்கும். ஆனால் கட்சி சும்மா விடாது. லேபர் கட்சியில் கட்சிக் கூட்டத்தின் முடிவு எல்லாரையும் கட்டுப்படுத்தும். 2024 ஜூனில் பாலஸ்தீனத்தை அங்கீகரிக்கும் தீர்மானத்தில் பசுமைக் கட்சியோடு வாக்களித்த செனட்டர் ஃபாத்திமா பேமனைக் கட்சிக் கூட்டங்களிலிருந்து நீக்கி வைத்தார்கள். அடுத்த மாதமே அவர் கட்சியை விட்டு வெளியேறினார். லிபரல் கட்சியில் எதிர்த்து வாக்களிக்க விதிப்படி தடையில்லை. பதவி உயர்வு மட்டும் கிடைக்காது.

அதனால் ஒரு லேபர் உறுப்பினரின் ஆயிரம் வாக்குகளைக் கூட்டிச் சதவீதம் போட்டால், பெரும்பாலும் கிடைப்பது லேபர் கட்சியின் சதவீதம். தனிமனிதரை அறிய வேண்டுமென்றால் அவர் கட்சியிலிருந்து விலகி நின்ற வாக்குகளைத் தேட வேண்டும். ஆண்டுக்கணக்கில் தேடினால் ஒன்றிரண்டு கிடைக்கலாம். அந்த ஒன்றிரண்டு மீதி ஆயிரத்தைவிட அதிகம் சொல்லும்.

2006 ஆகஸ்ட் இதற்கு நல்ல சான்று. இந்தோனேசியாவின் பப்புவாவிலிருந்து படகில் வந்த 43 பேரில் 42 பேர் புகலிடம் பெற்றதும் இந்தோனேசியா கோபப்பட்டது. படகில் வரும் எல்லாரையும், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் இறங்கினாலும்கூட, நாட்டுக்கு வெளியே வைத்துப் பரிசீலிக்கும் மசோதாவை ஜான் ஹோவர்டு அரசு கொண்டுவந்தது. வெளியே வைத்தால் வழக்கமான தீர்ப்பாயம் எட்டாது. ஹோவர்டின் லிபரல் கட்சியைச் சேர்ந்த பெட்ரோ ஜார்ஜியூ, ஜூடி மோய்லன், ரசல் பிராட்பென்ட் ஆகிய மூவரும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். கீழவையில் மசோதா தோற்கவில்லை. ஆனால் செனட்டிலும் சொந்தக் கட்சியின் ஜூடித் ட்ரோத் எதிர்ப்பார் என்ற நிலை வந்தது. ஆகஸ்ட் 14 அன்று ஹோவர்டு மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆட்சியில் இருக்கும் தன் சொந்தக் கட்சிக்கு எதிராக, எதிர்காலத்தைப் பணயம் வைத்துப் போட்ட வாக்குகள் அவை. ஜார்ஜியூ கடைசி வரை அமைச்சர் ஆகவில்லை.

அந்த 2006 மசோதாவை லேபர் எதிர்த்தது. ஆட்சிக்கு வந்த பிறகு, 2013 மே மாதம், ஜூலியா கில்லார்டின் லேபர் அரசே பெருநிலம் முழுவதையும் குடிவரவு எல்லைக்கு வெளியே தள்ளும் சட்டத்தை நிறைவேற்றியது. 2014 டிசம்பரில் எதிர்க்கட்சியாக இருந்தபோது மோரிசனின் மசோதாவை எதிர்த்து வாக்களித்தது. அதே காலகட்டத்தில், ஜோகோவிச் விஷயத்தில் நாம் பார்த்த அந்த விசா ரத்து அதிகாரத்துக்கு ஆதரவளித்தது. 2025 செப்டம்பரில் மீண்டும் ஆளும்கட்சியாக இருந்த லேபர், ஆஸ்திரேலியாவில் தங்க விசா இல்லாத சிலரை நவ்ரு போன்ற மூன்றாம் நாட்டுக்கு அனுப்பும் முடிவுகளில் இயற்கை நீதி விதிகளை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. லிபரல்-நேஷனல் கூட்டணி ஆதரித்தது, பசுமைக் கட்சி எதிர்த்தது.

எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து நியாயத்துக்கு வாக்களிப்பது எளிது. சட்டம் எப்படியும் நிறைவேறிவிடும், பழி ஆளும்கட்சிக்குப் போய்விடும். ஒருவருடைய பதிவைப் படிக்கும்போது அவருடைய கட்சி ஆட்சியில் இருந்த ஆண்டுகளைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு காலத்திலும் ஒரே பக்கம் உட்கார்ந்தவரை நம்பலாம்.

பதிவில் வராதவை

எல்லா அநியாயமும் வாக்கெடுப்பு வழியாக வருவதில்லை. உதவித்தொகை பெற்றவர்களின் வருமானத்தை வரித்துறைத் தகவலை வைத்துச் சராசரியாகக் கணக்கிட்டு, இவ்வளவு கடன்பட்டிருக்கிறீர்கள் என்று கணினி வழியாக நோட்டீஸ் அனுப்பிய 'ரோபோடெப்ட்' திட்டம் அப்படிப்பட்டது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமையை ஏழைகளின் தலையில் அது வைத்தது. அந்தக் கணக்கு முறைக்கு நாடாளுமன்றம் ஒருபோதும் வாக்களித்து அனுமதி தரவில்லை. சட்ட ஆதாரம் இல்லாததால்தான் அது இடிந்து விழுந்தது. 2020-இல் சுமார் 4.7 லட்சம் கடன் கணக்குகளுக்காக 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. 2023 ஜூலையில் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. இதில் யார் பொறுப்பு என்று வாக்குப் பதிவில் தேடினால் எதுவும் கிடைக்காது. அமைச்சரவைக் குறிப்புகளிலும் விசாரணை ஆணையத்தின் சாட்சியங்களிலும்தான் தேட வேண்டும்.

குயின்ஸ்லாந்தின் பிலோயீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2019 ஆகஸ்டில் அவர்களை இலங்கைக்கு அனுப்ப ஏற்றிய விமானம், நடுவானில் இருக்கும்போது நீதிபதி விதித்த தடையால் டார்வினில் இறங்கியது. இளைய மகள் விசாவுக்கு விண்ணப்பிக்க அனுமதிக்கலாமா என்று துறை பரிசீலித்தபோது, குடும்பத்துக்கு அதைத் தெரிவிக்கவும் இல்லை, அவர்கள் தரப்பைக் கேட்கவும் இல்லை. அது நியாயமான நடைமுறை அல்ல என்று ஃபெடரல் நீதிமன்றம் 2020 ஏப்ரலில் சொன்னது, 2021 பிப்ரவரியில் மேல் அமர்வும் உறுதி செய்தது. 2022 ஆகஸ்டில் அவர்களுக்கு நிரந்தர விசா கிடைத்தது. இங்கே தவறியது அதிகாரிகளின் நடைமுறை. ஆனால் கேட்க வேண்டும் என்ற விதியின் ஒரு கீற்றாவது சட்டத்தில் மிஞ்சியிருந்ததால்தான் நீதிமன்றத்தால் அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. அந்தக் கீற்றும் வாக்கெடுப்பில் போயிருந்தால் நீதிபதிக்குப் பிடிமானம் இருந்திருக்காது.

பதிவைத் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இறுதி வாக்கெடுப்பு. மசோதா அவையில் கடைசியாக நிறைவேறும் கட்டம் அது. விவாதத்தை நிறுத்து, நேரத்தைக் குறை என்பது போன்ற நடைமுறைத் தீர்மானங்களையும் கொள்கை வாக்குகளையும் ஒன்றாகக் கூட்டிச் சதவீதம் போட்ட கணக்குகளை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்ததாகத் திருத்தங்கள். ஒரு மசோதா நிறைவேறுவது உறுதி என்றானபோது, அதில் கேட்கப்படும் உரிமையை மட்டுமாவது காப்பாற்ற யாராவது திருத்தம் கொண்டுவந்தார்களா, உங்கள் உறுப்பினர் அதில் எந்தப் பக்கம் இருந்தார் என்று பாருங்கள். கட்டுக்கட்டாக வரும் மசோதாக்களில் ஒருவரின் மனம் அங்கேதான் வெளிப்படும். ஒட்டுமொத்த மசோதாவை ஆதரித்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். அந்த ஒரு வரியை நீக்கும் திருத்தத்தை எதிர்த்ததற்குக் காரணம் சொல்வது கடினம்.

மூன்றாவது, முடிவு எத்தனை வாக்கில் அமைந்தது என்பது. 60-க்கு 10 என்று முடிந்த வாக்கும், 34-க்கு 32 என்று முடிந்த வாக்கும் சதவீதக் கணக்கில் ஒரே எடைதான் பெறும். வாசகராகிய நீங்கள் அப்படி எடை போட வேண்டியதில்லை.

2014-இல் அமைத்த குடிவரவு மதிப்பீட்டு ஆணையம் 2024 அக்டோபர் 14 அன்று மூடப்பட்டு, அதன் வேலை புதிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. தற்காலிக விசாவில் இருந்த சுமார் 19,000 பேர் நிரந்தர விசா பெற 2023 பிப்ரவரியில் லேபர் அரசு வழி திறந்தது. ஆனால் 2014 சட்டத்தின் முறையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு அந்த வழி இல்லை. அவர்களில் தமிழர்கள் பலர் உண்டு. பத்தாண்டுக்கு மேல் ஆஸ்திரேலியாவில் வேலை செய்து, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, ஒரு முறைகூட முழுதாகக் கேட்கப்படாத தங்கள் கதையோடு வாழ்கிறார்கள்.

அவர்களுக்கு ஓட்டு இல்லை. சிட்னியிலும் மெல்பர்னிலும் குடியுரிமை பெற்று வாழும் தமிழர்களுக்கு இருக்கிறது. அடுத்த முறை உங்கள் தொகுதி உறுப்பினர் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் அன்போடு வரவேற்று உட்கார வையுங்கள். பிறகு, 2025 செப்டம்பர் சட்டத்தில் எப்படி வாக்களித்தீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர் பதிலைப் பொறுமையாக முழுதும் கேளுங்கள். வீட்டுக்குப் போனதும் அவைக் குறிப்பை எடுத்துச் சரிபாருங்கள்.